தலைமயிர் தலையிலேயே இருக்கட்டும்!

ஆங்கிலேயருக்குக் கோபமே வராது என்று உலகத்தில் ஒரு பிரசித்தி உண்டு. வீட்டுக் கூரை தீப்பற்றி எரிந்தாலும், "இன்று கொஞ்சம் உஷ்ணம் அதிகம் போலிருக்கிறதே!" என்று சொல்லிவிட்டுத் தமது தேநீரைக் குடித்து முடிப்பார் என்று கேள்வி. இந்தப் பிரசித்தியை உண்டாக்கியதிலும் சரி, ஊர் ஊராகப் பரப்பியதிலும் சரி, பெரும் பங்கு ஆங்கிலேயரையே சேர்ந்தது. பதற்றமில்லாத மனுஷனை அவர்கள் பாஷையில் வெள்ளரிக்காய்க்கு ஒப்பிடுவார்கள். 1732-ஆம் வருஷத்திலேயே ஜான் கே என்னும் கவி இந்த உவமையைக் கையாண்டிருக்கிறார். துன்பம் வந்த காலத்தில் மேலுதட்டைத் துடிக்கவிடாமல் விறைப்பாக வைத்துக் கொள்வது தங்களுக்கே உரிய லக்ஷணம் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. (இந்த மேலுதட்டு வாசகம் முதன்முதலில் அச்சில் ஏறியது அமெரிக்காவில் என்று அகராதிக்காரர்கள் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டும் ஆங்கிலேயரின் மேலுதடு அசையவில்லை என்பதை ஒப்புக் கொள்ளத்தான் வேண்டும்.)

ஆனால் ஒரு தேசத்தாரின் ஸ்வபாவத்தை அறிய வேண்டுமானால், அவர்கள் தங்களைப் பற்றி வெளியாருக்குச் சொல்வதைக் காட்டிலும், தங்களுக்குள் பேசிக் கொள்வதைக் கவனிப்பது உசிதம். பாம்பே இல்லாத ஊரில் விஷக்கடி வைத்தியர் குடித்தனம் நடத்த முடியுமா? கோபமே வராத ஜனங்களின் பாஷையில், "பதறாதே", "நிதானமாயிரு", "குதிக்காதே" என்று சொல்வதற்கு மட்டும் டஜன் கணக்கில் வாசகங்கள் ஏற்பட்டிருப்பானேன்? நமக்குப் பள்ளிக்கூடத்தில் கற்றுக் கொடுத்த இங்கிலீஷில் இவை கிடையா. நெஸ்பீல்டு துரையின் இலக்கணத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கக் கூடியவர்கூட, லண்டன் தெருவில் ஒரு டாக்ஸிக்காரர் இன்னொரு டாக்ஸிக்காரரைச் சமாதானப்படுத்துவதைக் கேட்டால் சற்றுத் திகைத்துத்தான் போவார்.

"கீப் யுவர் ஹேர் ஆன்!" என்பார் டாக்ஸிக்காரர். அதாவது, "உன் தலைமயிர் தலையிலேயே இருக்கட்டும்!"

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து வழங்கி வரும் வாசகம் இது. கோபம் முற்றிய மனிதன் அடுத்தபடியாகச் செய்யக் கூடிய காரியம் தன் தலைமயிரைத் தானே பிய்த்துக் கொள்வதுதான் அல்லவா? அந்தக் கட்டம் வருவதற்குள் எதிராளி அதை நினைவூட்டி விடுகிறான். இதிலே வேடிக்கை என்னவென்றால், முழு வழுக்கையாயிருப்பவரைப் பார்த்தும் இதைத் தாராளமாகச் சொல்லலாம். மயிருக்குப் பதில் ஆட்டுக் கம்பளியை வைத்து, "கம்பளியைக் கழற்றாதே" என்று சொல்லுகிறவர்களும் அந்தக் காலத்தில் உண்டு. "சட்டையைக் கழற்றாதே" என்று ஒன்று இருக்கிறது. அது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு. சண்டைக்கு இறங்குகிறவன் நல்ல சட்டை கிழிந்து விடக் கூடாதே என்று முதலில் அதைக் கழற்றி வைப்பானாம். கோபத்திலும் துணிக் கணக்குப் பார்க்கும் இந்தச் சிக்கனத்தை நாம் மெச்சாமலிருக்க முடியாது.

இந்த வஸ்திர வரிசையில் மிகப் பிரபலமானதும், மிகச் சுத்தமாக பிரிட்டிஷ் முத்திரை பெற்றதுமான வாசகம் இன்னொன்று உண்டு. குடும்பப் பத்திரிகையில் அதை எப்படி எழுதுவது என்று சற்று யோசனையாகத்தான் இருக்கிறது. "டோன்ட் கெட் யுவர் நிக்கர்ஸ் இன் எ ட்விஸ்ட்!" என்பது அது. நிக்கர்ஸ் என்பது அந்த தேசத்தில் ஸ்திரீகள் உள்ளே உடுத்தும் அரைக் கால்சட்டை. அது முறுக்கிக் கொள்ளும்படியாக அவ்வளவு ஆத்திரப்படாதே என்பது தாத்பரியம். சென்ற நூற்றாண்டின் நடுப் பகுதிக்குப் பிறகுதான் இது பரவலாயிற்று. இப்போது மீசை வைத்த புருஷர்களைப் பார்த்தே அதிகமாகச் சொல்லப்படுகிறது.

இந்த நிக்கர்ஸ் என்னும் சொல்லின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. வாஷிங்டன் இர்விங் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1809-ஆம் வருஷத்தில் நியூயார்க் நகரத்தின் சரித்திரம் என்று ஒரு பரிகாசப் புத்தகம் எழுதினார். எழுதியவர் பெயர் டீட்ரிக் நிக்கர்பாக்கர் என்று ஒரு டச்சுப் பெயரைப் புனைந்து போட்டுக் கொண்டார். புத்தகம் பிரசித்தியடைந்தது. புனைபெயர் அதைவிடப் பிரசித்தியடைந்தது. பழைய டச்சுக்காரர்கள் அணிந்த, முழங்காலோடு நின்றுவிடும் தொளதொளப்பான கால்சட்டைக்கு நிக்கர்பாக்கர் என்று பெயர் ஏற்பட்டது. பிறகு பெயரும் சுருங்கியது, உடையும் சுருங்கியது. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்துக்கு வந்து ஸ்திரீகளின் உள்ளாடையாகிக் கடைசியில் கோபத்துக்கு மருந்தாகவும் ஆகிவிட்டது. நம்முடைய பள்ளிக்கூடத்துப் பையன்கள் போட்டுக் கொள்ளும் நிக்கரும் இதே டச்சுப் பாட்டனாரின் பேரன்தான் என்பதை ஞாபகப்படுத்திவிட்டு மேலே செல்வோம்.

இந்த வாசகங்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. இவை பெரும்பாலும் சமமான அந்தஸ்துள்ளவர்களுக்குள் வழங்குகின்றன. ஏணியின் மேலே நிற்கும் கொத்தனார் கீழே நிற்கும் கொத்தனாரைப் பார்த்துச் சொல்லலாம். தம்பி அக்காளைப் பார்த்துச் சொல்லலாம். சொன்னவுடனே, கோபித்துக் கொண்டவருக்குத் தம்முடைய சொரூபம் ஒரு கணம் கண்முன் வந்து நிற்கிறது. மொட்டைத் தலையும், கழற்றிய சட்டையும், முறுக்கிக் கொண்ட உள்ளாடையுமாகத் தம்மையே பார்க்கிற மனிதருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? சிரித்துக் கொண்டே கோபத்திலிருந்து இறங்கி வந்துவிடலாம், மானம் போகாது. "நீ சொல்லுவது தப்பு" என்று எதிராளி சொல்லவில்லை. "நீ குதிக்கிற குதிப்பு அதிகம்" என்று மட்டுமே சொல்லுகிறான். மறு நிமிஷம் இவனுக்குக் கோபம் வந்தால், அவன் அதே வாசகத்தைத் திருப்பிச் சொல்லலாம். சொல்லவும் சொல்லுவான். இந்தத் திருப்பிச் சொல்லும் உரிமையைத்தான் நேயர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஏனெனில், இந்த உரிமை இல்லாத இன்னொரு ஜாதி வாசகங்களும் இருக்கின்றன. அவை கப்பல் தளத்திலும் கவாத்து மைதானத்திலும் பிறந்தவை.

"பைப் டவுன்" என்று அதட்டுவதைக் கேட்டிருக்கலாம். கூச்சலை அடக்கு என்று அர்த்தம். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் தளத்து மாலுமிகளுக்கு மேற்பார்வையாளன் ஒருவன் உண்டு. அவன் கையில் ஒரு சிறிய ஊதுகுழல் இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு விதமாக ஊதுவான். இரவில் கடைசியாக ஊதுவது பைப் டவுன். அந்தக் காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, தொங்கு படுக்கையில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அந்தக் குழலோசைக்குப் பதில் சொன்ன மாலுமி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

தரைப்படையில் பிறந்தது, "ஸ்டெடி, தி பப்ஸ்!" என்பது. கிழக்கு கெண்ட் ரெஜிமெண்டுக்கு பப்ஸ் என்று செல்லப் பெயர். அவர்கள் உடுப்பின் கழுத்துப் பட்டையும் கைமடிப்பும் எருமைத் தோல் நிறத்தில் இருந்ததால் வந்த பெயர் அது. 1858-ஆம் வருஷத்தில் மால்டா தீவில் அந்தப் பட்டாளத்தின் இரண்டாவது பிரிவு கவாத்து செய்து கொண்டிருந்தது. அதன் அட்ஜுடண்டாக இருந்த காட்டர் என்பவர், அதற்கு முன்னால் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பியூஸிலியர் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பழைய பட்டாளத்தார் பக்கத்திலே நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தார்கள். புதுச் சிப்பாய்களின் வரிசை கோணலாகப் போவதைக் கண்ட காட்டருக்கு மானம் போயிற்று. "நிதானம், பப்ஸ்! பியூஸிலியர்கள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்!" என்று கத்தினார் என்பது கதை. அவ்வளவுதான், தீவிலிருந்த மற்றப் பட்டாளத்தார் எல்லோரும் அதைப் பிடித்துக் கொண்டார்கள். ருட்யார்ட் கிப்ளிங் இதை எழுத்தில் ஏற்றி உலகமெங்கும் பரப்பினார். அவர் ஏற்றிய புத்தகம் அச்சானது அலகாபாத்திலே, 1888-ஆம் வருஷத்தில், ரயில் பிரயாணிகளுக்காக வீலர் கம்பெனியார் வெளியிட்ட மலிவுப் பதிப்பு வரிசையில் என்பது நம்மவருக்கு விசேஷ சமாசாரம். பப்ஸ் பட்டாளம் 1961-இல் இன்னொரு பட்டாளத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. வாசகம் மட்டும் முதியவர்களின் நாவில் இன்னும் பென்ஷன் வாங்கிக் கொண்டிருக்கிறது.

"கழுத்தை உள்ளே இழுத்துக் கொள்" என்ற வாசகமும் சிப்பாய்களுக்குள் வழங்கி வந்ததுதான். வட அயர்லாந்தில் வெகு சகஜம். ஆமையை அடக்கத்துக்கு உவமையாக நம்முடைய வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் வள்ளுவருடைய ஆமை தானாக அடங்குகிற ஆமை. இங்கே ஓட்டைத் தட்டி உள்ளே போகச் சொல்லுகிறார்கள். இவற்றோடு சேர்க்க வேண்டியது, "பொம்மைகளைப் பெராம்புலேட்டரிலிருந்து வீசி எறியாதே" என்பது. வளர்ந்த மனிதனைத் தள்ளுவண்டிக் குழந்தையாக்கிவிடுகிறது இந்த வாசகம். குழந்தை என்றால் வண்டியைத் தள்ளுகிறவர் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? சொல்லுகிறவர் அந்தப் பதவியைத் தாமே எடுத்துக் கொண்டுவிடுகிறார்.

பிரிட்டிஷ் பார்லிமெண்டில் 2011-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி நடந்த சம்பவத்தை இங்கே கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லலாம். அன்று புதன்கிழமை, பிரதம மந்திரி கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நாள். அப்போதைய பிரதம மந்திரி, கன்ஸர்வேடிவ் கட்சித் தலைவர் டேவிட் காமெரான். வைத்திய இலாகாவில் தாம் செய்யவிருந்த சீர்திருத்தங்களை அவர் ஆதரித்துப் பேசினார். சாட்சிக்கு ஹவர்டு ஸ்டோட் என்னும் டாக்டரைக் கூப்பிட்டார். ஸ்டோட் தொழிற் கட்சியைச் சேர்ந்த மாஜி அங்கத்தினர். அவர் தேர்தலில் தோற்றுப் போனார் என்று போகிற போக்கில் காமெரான் ஓர் ஊசி குத்தினார். உண்மை என்னவென்றால், 2010-ஆம் வருஷத் தேர்தலில் ஸ்டோட் நிற்கவே இல்லை. எதிர்க்கட்சி முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஏஞ்ஜலா ஈகிள் என்னும் பெண்மணி இந்தப் பிழையை எடுத்துக் காட்டிக் குரல் கொடுத்தார். அப்போதுதான் பிரதம மந்திரி, "காம் டவுன், டியர்!" என்றார். ஒரு தடவை அல்ல; திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சாந்தமாயிரும், கண்ணே!" என்று இதை மொழிபெயர்க்கலாம். மைக்கேல் வின்னர் என்ற சினிமா டைரக்டர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி விளம்பரத்தில் தோன்றிச் சொல்லிப் பிரபலமாக்கிய வாசகம் அது. அன்று சபையில் கன்ஸர்வேடிவ் கட்சியார் கொல்லென்று சிரித்தார்கள். எதிர்க் கட்சியார் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். "வேடிக்கையாகச் சொன்னது, இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்ற தோரணையில் பிரதம மந்திரி காரியாலயம் பதில் சொல்லிற்று. அதாவது, சாந்தமாயிருக்கச் சொன்னதை ஆட்சேபித்தவர்களுக்கும் சாந்தமாயிருக்கும்படியே பதில். ஈகிள் அம்மையாரோ, இவரைவிட மேலான மனிதர்களெல்லாம் தம்மை அலட்சியமாக நடத்திப் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார். அதே வருஷம் அக்டோபரில் காமெரான் ஒரு பத்திரிகைப் பேட்டியில் தமது பேச்சுக்காக வருத்தம் தெரிவித்துக் கொண்டார்.

டியர் என்னும் சொல்லின் பேரில் குற்றமில்லை. அந்த தேசத்தில் ரொட்டிக் கடைக்காரி வருகிறவர் போகிறவர் எல்லோரையும் டியர் என்பாள். பஸ்களில் கண்டக்டர் இருந்த காலத்தில் அவர் லவ் என்பார். ஸ்டாப்போர்ட்ஷயர் பக்கத்தில் டக், அதாவது வாத்து என்று அன்போடு அழைப்பார்கள். யாரும் கோபித்துக் கொள்வதில்லை. ஆனால் ஏஞ்ஜலா ஈகிள் சபையில் எழுப்பியது ஒரு விவரத்தைப் பற்றிய ஆட்சேபம். அதற்கு, "ஆம், நிற்கவில்லை" என்றோ, "இல்லை, நின்றார்" என்றோ பதில் சொல்லலாம். "சாந்தமாயிரும்" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல. அந்த இரண்டு சொற்களை உச்சரித்ததும், ஸ்டோட் தேர்தலில் நின்றாரா இல்லையா என்ற விஷயம் எல்லோருக்கும் மறந்து போய்விட்டது; பெண்மணியின் கோபம் எவ்வளவு என்பதுதான் விஷயமாயிற்று. பெண்களைப் பொறுமையாயிருக்கச் சொல்வது அந்த மண்டபத்துக்குப் புதிதல்ல. 1867-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் அங்கே பெண்களுக்கு வோட்டுரிமை கேட்டார். 1918-இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஸ்திரீகளில் ஒரு பகுதியாருக்குக் கிடைத்தது. புருஷர்களோடு சமமாகக் கிடைத்தது 1928-இல். அறுபத்தொரு வருஷம் தலைமயிர் தலையிலேயே இருந்தது!

லிவர்பூல் நகரத்தின் கதை இதைக் காட்டிலும் துயரமானது. 1990-ஆம் வருஷத்தையொட்டி ஹாரி என்பீல்டு என்ற ஹாஸ்ய நடிகர் டெலிவிஷனில் மூன்று லிவர்பூல்காரர்களைச் சித்திரித்தார். சுருட்டை முடி, பெரிய மீசை. அற்ப விஷயத்துக்கு ஒருவரையொருவர் அடிக்கப் போவார்கள், உடனே ஒருவர் கையைக் காட்டி, "காம் டவுன், காம் டவுன்!" என்று அவ்வூர் உச்சரிப்பிலே இழுப்பார். தேசம் முழுவதும் சிரித்தது. லிவர்பூல்காரர்களும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவ்வூர்க்காரர் எங்கே போய் எதைப் பற்றி முறையிட்டாலும், இந்த இரண்டு சொற்களை அவர் முகத்துக்கு நேரே அதே இழுப்போடு சொல்லிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அந்த வருஷங்களிலே லிவர்பூல்காரர்களுக்கு முறையிட வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. 1989-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி, ஷெப்பீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்துப் பந்தயம் பார்க்கச் சென்ற லிவர்பூல் ஜனங்கள் கம்பி வேலிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நசுக்குண்டார்கள். அந்த விபத்தில் காயமடைந்து பிற்பாடு காலமானவர்களையும் சேர்த்து, மாண்டவர்கள் 97 பேர். நான்கு தினங்களுக்குப் பிறகு லண்டன் பத்திரிகை ஒன்று, குற்றமெல்லாம் ரசிகர்களுடையதுதான் என்று அவதூறுகளை முதல் பக்கத்தில் வெளியிட்டது. 1991-இல் மரண விசாரணை ஜூரிகள் தற்செயலான விபத்து என்று தீர்ப்புக் கூறினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் தந்தையர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வருஷக் கணக்காகக் கோர்ட்டு வாசலிலும் மந்திரிகள் வாசலிலும் நின்றார்கள். "போனது போகட்டும், எத்தனை காலம் இதையே சொல்லிக் கொண்டிருப்பீர்கள்?" என்ற தொனி எங்கும் கேட்டது. 2004-இல் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை, லிவர்பூல் நகரம் தன்னைப் பாதிக்கப்பட்ட ஊராகப் பாவித்து அதிலேயே சுகம் காண்கிறது என்று தலையங்கம் தீட்டியது. ஹில்ஸ்பரோவில் இறந்தவர்களின் தொகையைக்கூட அந்தத் தலையங்கம் சரியாகச் சொல்லவில்லை. ஐம்பதுக்கு மேல் என்று எழுதியிருந்தது. அதன் ஆசிரியராயிருந்த போரிஸ் ஜான்ஸன் கட்சித் தலைவரின் கட்டளைப்படி லிவர்பூலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

2012-ஆம் வருஷம் செப்டம்பரில் சுயேச்சையான விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. போலீஸாரின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன என்றும், அவற்றில் 116-இல் போலீஸாருக்குப் பாதகமான சொற்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன என்றும் அம்பலமாயிற்று. அன்றைய தினம் பார்லிமெண்டில் எழுந்து, அந்தக் குடும்பங்களுக்கு இழைக்கப்பட்ட இரட்டை அநீதிக்காக சர்க்கார் சார்பில் மன்னிப்புக் கேட்டவர் அதே டேவிட் காமெரான். அவருடைய பேச்சு கண்ணியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். 2016 ஏப்ரல் 26-ஆம் தேதி புதிய ஜூரிகள், அந்த மரணங்கள் சட்ட விரோதமான கொலை என்று தீர்ப்பளித்தார்கள். இருபத்தேழு வருஷங்களில் அந்தக் குடும்பத்தார் ஒரே ஒரு தடவை "காம் டவுன்" ஆகியிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

இனி, இந்த வாசகக் குடும்பத்தின் ராஜா. ராஜா என்று சொல்வது அலங்காரம் அல்ல. தலையில் கிரீடத்தோடேயே பிறந்தது அது. 1939-ஆம் வருஷம் யுத்தம் மூளும் சமயத்தில் பிரிட்டிஷ் செய்தி மந்திரி இலாகா மூன்று சுவரொட்டிகளைத் தயாரித்தது. மூன்றாவதில் சிவப்புப் பின்னணியில் மேலே அரச கிரீடம், கீழே, "கீப் காம் அண்ட் காரி ஆன்." அதாவது, அமைதியாயிருந்து உங்கள் வேலையைச் செய்து கொண்டு போங்கள். 24 லட்சத்து 50 ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு, ஆகாயத்திலிருந்து குண்டு மழை பொழியும் நாளுக்காகக் கிடங்கில் வைத்தார்கள்.

முதலில் ஒட்டப்பட்டது மற்றொன்று. "உங்கள் தைரியம், உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி, நமக்கு வெற்றியைத் தேடித் தரும்" என்பது அதன் வாசகம். பிரிட்டிஷ் பொது ஜனங்கள் இதைப் படித்தார்கள். இரண்டாவது தடவையும் படித்தார்கள். "தைரியம் நம்முடையது, வெற்றி அவர்களுடையது போலிருக்கிறதே!" என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. பத்திரிகைகளிலும் கண்டனம் கிளம்பிற்று. மேலேயிருந்து வரும் அமைதி உபதேசத்தை இங்கிலாந்து ஜனங்களே ரசிக்கவில்லை என்பது நமக்கு ஆறுதலான செய்தி. ஏனென்றால், அதே செப்டம்பர் 3-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு, இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கலக்காமல், இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். எதற்காக யுத்தம், எங்கள் சுதந்திரத்துக்கு என்ன வழி என்று காங்கிரஸ் கேட்டதற்கு, யுத்தம் முடிந்த பிறகு கலந்து பேசலாம் என்று அக்டோபரில் பதில் வந்தது. சுவரொட்டி ஒட்டவில்லையே தவிர, வாசகம் அதுதான். அந்த மாதக் கடைசியில் சென்னையில் ராஜாஜியின் மந்திரி சபை ராஜினாமாச் செய்தது.

கிரீடச் சுவரொட்டியின் கதி என்னவாயிற்று? 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி முதல் லண்டன் மீது வாரக் கணக்காகக் குண்டு விழுந்தது. அப்போதும் அதை ஒட்டச் சொல்லி உத்தரவு பிறக்கவில்லை. காகிதப் பஞ்சம் காரணமாக அநேகமாக எல்லாப் பிரதிகளும் கூழாகிவிட்டன. அறுபது வருஷம் கழித்து, 2000-ஆம் வருஷத்தில், வட இங்கிலாந்தில் ஆல்னிக் என்ற ஊரில் பழைய ரயில்வே ஸ்டேஷனில் நடக்கும் பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் வாங்கிய புத்தகப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிரதி வெளிப்பட்டது. கடைக்காரர் சட்டம் போட்டு மாட்டினார். வந்தவர்களெல்லாம் விலைக்குக் கேட்கவே, நகல் அச்சடித்து விற்றார். 2008-இல் பாங்குகள் ஆட்டங்கண்ட பிறகு அது காப்பிக் கோப்பையிலும் தலையணை உறையிலும் ஏறி உலகத்தைச் சுற்றி வந்தது. யுத்தத்தின்போது பிரிட்டிஷார் இந்த வாசகத்தைப் பார்த்துத்தான் தைரியமாயிருந்தார்கள் என்று இன்று பலரும் நினைக்கிறார்கள். குண்டு விழுந்த இரவுகளில் அதைச் சுவரில் பார்த்தவர்கள் அநேகமாக இல்லை.

அவர்கள் கண்டது வேறு. கோபமாயிருப்பவனையோ, பயந்தவனையோ, துக்கப்பட்டவளையோ கண்டால் சாதாரண ஆங்கிலக் குடும்பத்தார் சொல்லும் வாசகம், "கெட்டிலை அடுப்பில் வைக்கிறேன்" என்பது. பதறாதே என்ற சொல்லே இதில் கிடையாது. சொல்லுகிறவர் எழுந்து போய் வேலை செய்ய வேண்டியிருக்கிறது; தண்ணீர் கொதிக்கும் வரையில் எதிராளி தம் குறையைச் சொல்லிக் கொண்டிருக்கலாம். சர்க்கார் சுவரொட்டியைக் கூழாக்கிய அதே 1940-ஆம் வருஷம் ஜூலையில் தேயிலைக்கும் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ். நம் கணக்கில் ஐந்து தோலாவுக்கும் கொஞ்சம் குறைவு. ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் நல்ல தேநீர் போடுவதற்குப் பதினொரு விதிகள் எழுதி, இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோதான் உபயோகிக்க வேண்டும் என்று வற்புறுத்திய போதும் பங்கீடு தீரவில்லை. 1952 அக்டோபரில்தான் தீர்ந்தது. அந்த இரண்டு அவுன்ஸில் அஸ்ஸாமில் பறித்ததும் இருந்தது. இலங்கை மலைத் தோட்டங்களில் நம் ஜனங்கள் முதுகில் கூடையைக் கட்டிக் கொண்டு பறித்ததும் இருந்தது. குண்டு விழுந்து வீடிழந்தவர்கள் தெருவில் நின்ற காலை வேளைகளில், பெண்கள் தொண்டர் படையைச் சேர்ந்தவர்கள் மோட்டார் வண்டியில் பெரிய பாத்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தி, புழுதி படிந்த அந்தக் கைகளில் ஆளுக்கொரு கோப்பை கொடுத்துக் கொண்டு போனார்கள்.